காரைக்குடியில் மின்சாரக் கார் ஒன்றே போதுமா?

பெட்ரோல் காரை விற்றுவிட்டு, குடும்பத்துக்கு மின்சாரக் கார் ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. காரைக்குடியிலிருந்து மதுரையும் சரி, திருச்சியும் சரி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். நிஜமாகவே 250 ஓடும் கார், ஏசி போட்டாலும் போய்த் திரும்பிவிடும். சென்னைக்குப் போனால் வழியில் சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும்.

என் கவலையெல்லாம் வீட்டு வயரிங்தான். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரம். அத்தனை நேரமும் கரண்ட் முழு அளவில் ஓடும். ஐயா காலத்து வீட்டில் முகப்பிலிருக்கும் பழைய பிளக்கை நம்பவே வேண்டாம், சூடேறி உருகிவிடும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் போட்டுவிடுங்கள். அப்புறம், கோடையில் மண் காய்ந்துவிடும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.