மாத்திரைக்கு அடிமையானது என் கணவரின் குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறோம். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்ததும் என் கணவருக்கு (வயது 43) ஆக்சிகோடோன் என்ற வலிநிவாரணி மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மாதமாகிறது. முப்பது நாளுக்குத் தரும் மாத்திரை இப்போது இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், “மனத்தில் உறுதி இல்லாததுதான் காரணம், டப்பாவைத் தூக்கி எறி” என்கிறார். எழுதிக் கொடுத்த டாக்டரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்கிறேன் நான். யார் பொறுப்பு? உடனே நிறுத்திவிடலாமா?

பதில்: டப்பாவை எறிய வேண்டாம். இதை இன்றே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். ஏழு மாதம் ஓபியாய்டுக்கு, அதாவது அபின் வகை வலி மருந்துக்கு, பழகிய உடலிலிருந்து அதைத் திடீரென்று பறித்தால், கொட்டாவியும் வியர்வையுமாகத் தொடங்கும். மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும், இரவெல்லாம் தூங்க முடியாமல் காலை உதைத்துக்கொண்டு கிடப்பார். திடீரென நிறுத்துவது கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2019இல் எச்சரித்தது.

இருபது நாளில் மாத்திரை தீர்ந்தால் மீதிப் பத்து நாளை எப்படிக் கடத்துகிறார்? நான் முதலில் கேட்பது இதைத்தான். வெளியே யாரிடமாவது வாங்குகிறார் என்றால் மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் என்ற ஓபியாய்டு அதில் கலந்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்றாலும் நிம்மதி கொள்ள முடியாது. அந்த நாட்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். பிறகு பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். கோபப்படாமல் கேளுங்கள். உண்மை வர வேண்டும்.

இனி, யார் பொறுப்பு என்ற கேள்வி. “மன உறுதி இல்லாதவன்” என்பது உங்கள் மாமியார் மட்டும் சொல்லும் சொல் அன்று. ஆக்சிகான்டின் என்ற பெயரில் ஆக்சிகோடோனை விற்ற பர்டூ நிறுவனத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் சாக்லர், 2001இல் ஒரு மின்னஞ்சல் எழுதினார். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவோரையே நாம் சாட வேண்டும், குற்றவாளிகள் அவர்கள்தான் என்பது அதன் சாரம். பின்னாளில் நீதிமன்ற ஆவணங்களில் அது வெளிவந்தது. பழி நோயாளியின் தலையில் விழ வேண்டும் என்று விரும்பியவர்கள் மருந்தை விற்றவர்கள். அந்தப் பழியை உங்கள் வீட்டுக்குள் நீங்களே சுமந்து வராதீர்கள்.

அவர்கள் விற்ற விதத்தைப் பாருங்கள். 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் இருந்தபோது இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கே அடிமைத்தனம் ஏற்பட்டதாகப் பதிவு என்றது அது. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் விழுங்கியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால், ‘ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆபத்து’ என்று ஊர் ஊராக டாக்டர்களிடம் சொல்ல அந்தக் கடிதம் பயன்பட்டது. 1995இல் ஆக்சிகான்டினுக்கு அனுமதி தந்த அரசு நிர்வாகமோ, மருந்து மெதுவாகக் கரைவதால் தவறான பயன்பாடு குறையும் என நம்பப்படுவதாக அதன் குறிப்பில் எழுத இடம் கொடுத்தது. ‘நம்பப்படுகிறது’! சோதித்துப் பார்த்து எழுதிய வரி அல்ல அது. அனுமதியைக் கவனித்த அதிகாரி பின்னர் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

நோயாளி கூடுதல் மாத்திரை கேட்டால் அது ‘போலி அடிமைத்தனம்’, வலி தீராததால் கேட்கிறார், அளவைக் கூட்டுங்கள் என்றும் டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2007இலும் 2020இலும் பர்டூ தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2007இல் மூன்று உயர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மொத்த விநியோகஸ்தர்களின் பங்கும் சிறியதன்று. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்ற ஊர். சுமார் 400 பேர். அங்கிருந்த ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரைகள் போய்ச் சேர்ந்தன.

உங்கள் டாக்டரைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 1998இல் எழுதிக் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லலாம். இன்று எழுதுபவருக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். வலிக்கு மருந்து கொடுத்தது தவறில்லை; எந்த வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்ற திட்டம் கொடுத்தாரா, மாத்திரை முன்னதாகவே தீர்வதைக் கவனித்தாரா என்பதை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். வழக்குத் தொடுப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். மருந்து நிறுவனங்களின் சமரசப் பணத்தில் பெரும்பகுதி மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சிகிச்சை, தடுப்பு வேலைகளுக்காகப் போகிறது. அதில் நடக்கும் சிகிச்சை மையம் உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது, ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை மாத்திரை விழுங்குகிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது. வலிக்காக மட்டும் உடல் பழகியிருந்தால் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அடிமைத்தனமே என்றால், ஏக்கத்தையும் நிறுத்தும்போது வரும் அவதியையும் தணிக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. முன்பு அதை எழுதத் தனி அனுமதி வேண்டும். 2023 முதல் அந்தத் தடை இல்லை. ஆனால் ஆக்சிகோடோன் உடலில் இருக்கும்போதே அதை அவசரப்பட்டுத் தொடங்கினால் அவதி கூடும். முதல் வேளையை டாக்டர் சொல்லும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். டாக்டர் கைவிட்டால் 1-800-662-4357 என்ற அரசின் இலவச எண்ணை அழையுங்கள்; இரவிலும் எடுப்பார்கள். அதுவரை மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயை இன்றே மருந்துக்கடையில் வாங்குங்கள், சீட்டு தேவையில்லை. தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் ஒரு நாசியில் அடித்துவிட்டு 911ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் மாமியார்தான். உறையைப் பிரிப்பது முதல் அழுத்துவது வரை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் கைக்கு எட்டும் அலமாரியில் அதை வையுங்கள்.