கேட் பூட்டாததற்குப் பாதிப் பணம் கட்ட வேண்டுமா?

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டீச்சர். ஹட்டனில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்தட்டில் இன்னொரு குடும்பம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கேட், ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி. போன மாதம் என் கணவர் இரவு வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தவர், கேட்டைச் சாத்தினாரே தவிர பூட்ட மறந்துவிட்டார். விடிந்து பார்த்தால் மேல்வீட்டு அக்காவின் காஸ் சிலிண்டரையும், மாடிப்படிக்குக் கீழே நின்ற அவருடைய மகனின் சைக்கிளையும் காணோம். எங்கள் சாமான் ஒன்றும் போகவில்லை. "உன் புருஷன் பூட்டாததால்தானே போனது, பாதிக் காசு குடு" என்கிறார் அக்கா. எங்கள் சாமான் போகாததால் எங்கள்மீதே சந்தேகமும் இருக்கிறது. என் கணவர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டுமாம். பொலிஸுக்குப் போக அவர்களுக்கு விருப்பமில்லை. கண்டியில் இருக்கும் வீட்டுக்காரரோ, எங்கள் அட்வான்ஸில் கழித்து அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: தங்கச்சி, சிலிண்டரைத் தூக்கியவன் ஒரு திருடன். அவன் யாரென்று தெரியாததால் அந்தக் கணக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றபின் பல வருடம், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபையில் உட்கார்ந்தவள் நான். அங்கே வந்த திருட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவற்றில் திருடன் மட்டும் இருக்கமாட்டான். பொருளை இழந்தவரும் பக்கத்து வீட்டாரும்தான் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டப்படி பார்ப்போம். கவனக்குறைவால் வந்த நட்டத்தைக் கேட்பதற்கு நம் இலங்கையில், ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. ஒருவர் பூட்ட மறந்தார் என்பது மட்டும் அதற்குப் போதாது. அடுத்தவர் பொருளைக் காக்கும் கடமை அவருக்கு இருந்தது, அதில் தவறினார், அந்தத் தவறால்தான் பொருள் போனது என்று மூன்றையும் காட்ட வேண்டும். "கடைசியாக வருகிறவர் பூட்ட வேண்டும்" என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தீர்களா? அப்படி இருந்தால் அக்காவின் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. பேசவே இல்லையென்றால், அவருடைய சிலிண்டருக்கு உங்கள் கணவர் காவல்காரர் ஆகமாட்டார்.

திருடன் கேட் வழியாகத்தான் வந்தான் என்பது யாருக்குத் தெரியும்? ஹட்டனில் வீடுகள் சரிவில் நிற்பவை. முன்பக்கம் மாடியாக இருக்கும் வீட்டுக்குப் பின்பக்கம் மேட்டுப் பாதை கூரை உயரத்தில் போகும். உங்கள் வீடும் அப்படியென்றால், அந்த மேட்டில் இருந்து இறங்கிவர கேட்டே தேவையில்லை. சிலிண்டரும் சைக்கிளும் சங்கிலி போடாமல் வெளியில் இருந்தனவா என்பதும் கேள்விதான். இழந்தவருக்கும் கவனக்குறைவு இருந்தால் அதையும் கணக்கில் எடுத்து நட்டத்தைப் பங்கு பிரிக்கும் சட்டம் 1968 முதல் இங்கே உண்டு. ஆகவே "பாதி" என்பது அக்கா கோபத்தில் சொன்ன கணக்கு. எந்தச் சட்டமும் அப்படி ஒரு பாதியை எழுதி வைக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கேட் பூட்டப்படாததை மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொலிஸ் கேட்டாலும் சரி, அக்கா கேட்டாலும் சரி, உள்ளதை உள்ளபடி உங்கள் கணவரே தன் வாயால் சொல்ல வேண்டும். மறைத்து, பிறகு அது வேறு வழியில் வெளியே வந்தால், பூட்டாத கேட் திறந்துவிட்ட கேட் ஆகிவிடும்.

பொலிஸுக்குப் போகத்தான் வேண்டும். ஒரு மாதம் கடந்தாலும் போகலாம். அக்கா வராவிட்டால் நீங்களே போய், நாங்கள் குடியிருக்கும் வளவில் திருட்டு நடந்தது என்று என்ட்ரி போடுங்கள். என்ட்ரி இலக்கத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சிலிண்டர் வாங்கியபோது கொடுத்த துண்டு, சைக்கிள் சட்டத்தில் பெடலுக்கு அருகே அடித்திருக்கும் இலக்கம் இரண்டையும் தேடி எடுக்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள். இலக்கம் இல்லாத சைக்கிள் அகப்பட்டாலும் அது யாருடையதென்று நிரூபிப்பது கஷ்டம். முறைப்பாட்டைத் தமிழிலேயே சொல்லலாம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. சிங்களத்தில் எழுதினார்கள் என்றால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து வையுங்கள். நம் ஆட்கள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அழுததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

சத்தியத்துக்கு வருகிறேன். நம் தேயிலைத் தோட்டங்களில், காவல் தெய்வங்களான ரோதைமுனிக்கும் முனியாண்டிக்கும் பயப்படாதவர் யார்? எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் சாமி முன்னால் சூடம் அணைப்பது உங்கள் கணவராக விரும்பிச் செய்தால்தான் பக்தி. அடுத்தவர் நெருக்கி, அவர் போய்ச் செய்தால், அடுத்த வாரம் மேல்வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை விழுந்தாலும் அதற்குக் காரணம் அந்தச் சூடம் என்பார்கள். சண்டை பேரப்பிள்ளை காலம் வரை போகும். "அக்கா, பொலிஸில் என்ன கேட்டாலும் சொல்கிறோம், கோயிலுக்கு வேறொரு நாள் எல்லோரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வது சரியே இல்லை. அட்வான்ஸ் என்பது வாடகை பாக்கிக்கும் வீட்டுக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கும் அவர் கையில் வைத்திருக்கும் பணம். இரண்டு குடித்தனக்காரருக்கு இடையே இருக்கும் பிணக்கில் தீர்ப்புச் சொல்லி, அந்தப் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அப்படி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது. "அட்வான்ஸில் கழிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை" என்று மரியாதையாக வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னால் நிற்காது. கேட்டின் பூட்டு பழுது என்றால் அதையும் அதே செய்தியில் எழுதுங்கள். வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது அவருடைய பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் அக்கா விடவில்லை என்றால் இணக்கசபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூடும். வக்கீல் வைத்துப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். நீங்கள் ஒருவரைத் தெரிவு செய்வீர்கள், அவர்கள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். எங்களால் தண்டனை கொடுக்க முடியாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். ஒத்துவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுப்போம். சிறிய தொகை வழக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

நான் அங்கே உட்கார்ந்திருந்தால் பாதிப் பணம் கட்டச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையன் சைக்கிள் இல்லாமல் எப்படிப் பள்ளிக்குப் போகிறான் என்று கேட்பேன். உங்களுக்கு மனம் இருந்து ஏதாவது உதவி செய்தால் நல்லது. அப்படிச் செய்தால், "உதவியாகக் கொடுத்தது" என்று ஒரு துண்டில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். "நட்டஈடு" என்று எழுதினால், களவுக்கே நீங்கள் பொறுப்பேற்றது போல நாளைக்குக் காட்டுவார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். வரிசையாகக் காம்பராக்கள், எல்லோரும் கொழுந்து பறிக்கப் போனபிறகு ஏதாவது ஒரு இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். வேற்று ஆள் ஒருவர் பாதையில் இறங்கினால் "யாரப்பா அது" என்று அவர் சத்தம் கொடுப்பார். கதவுக்குப் பூட்டே தேவைப்படாத லயங்கள் இருந்தன. டவுனுக்கு வாடகைக்கு வந்தபின் அந்தப் பாட்டி இல்லை, ஆனால் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நம்மோடு வந்துவிட்டது. கேட்டை யார், எத்தனை மணிக்குப் பூட்டுவது, ஊருக்குப் போனால் யாரிடம் சொல்வது என்று குடிவந்த வாரமே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அக்காவோடும் இப்போதே பேசலாம்.

கேள்வி: டீச்சர், அடுத்த வீட்டு மச்சாள் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போகும்போது தன் சங்கிலியையும் தோட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் நகையோடு அலுமாரியில் பூட்டி வைத்தேன். நாங்கள் இல்லாத நேரம் பின்கதவை உடைத்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். "உன்னை நம்பித்தானே தந்தேன், நகையைத் தா" என்கிறார்.
- பண்டாரவளை வாசகி

பதில்: உங்கள் நிலை ஹட்டன் தங்கச்சியின் நிலை இல்லை. நீங்கள் கையில் வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே பொறுப்பு உண்டு. ஆனால் அந்தப் பொறுப்புக்கு அளவும் உண்டு. காசு வாங்காமல், உபகாரமாக ஒரு பொருளைப் பாதுகாக்க ஏற்றவர், ஏமாற்றினாலோ மிக மோசமான அசட்டையாக இருந்தாலோதான் ஈடு கட்ட வேண்டும் என்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. உங்கள் நகையோடு, உங்கள் அலுமாரியில், பூட்டி வைத்தீர்கள். கதவை உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். இதில் நான் அசட்டை எதையும் காணவில்லை. அந்தச் சங்கிலியை நீங்கள் ஒரு கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தாலோ, டின்னை மேசைமேல் வைத்திருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் முறைப்பாட்டில் மச்சாளின் நகையும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விட்டுப்போயிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போய், அவர் நகையின் விபரத்தைத் தனியாகச் சொல்லுங்கள். நகை போட்டு எடுத்த படம், கடை பில், முன்பு அடகு வைத்த துண்டு எதுவும் உதவும். ஊருக்குப் போகிறவர்கள் நகையைச் சிறு தொகைக்கு வங்கியில் அடகு வைத்துவிட்டுப் போவதை நான் ஆதரிக்கிறேன். வட்டி கொஞ்சம் போகும், உறவு போகாது.

கேள்வி: பக்கத்துக் குடித்தனக்காரரின் போன் காணாமல் போனது. மை பார்க்கிறவர் "பக்கத்து வீட்டுச் சின்னப் பையன்" என்றாராம். 14 வயதான என் மகனைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அடித்து, களவாணி என்று பேசினார். பிள்ளை இப்போது பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறான்.
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, இதைப் படித்து எனக்கு மிகவும் கோபம் வந்தது. மையில் தெரிந்த முகத்தை எந்த நீதிமன்றமும் சாட்சியாக எடுக்காது. பிள்ளையை அடித்ததுதான் இங்கே நிரூபிக்கக் கூடிய குற்றம், அதைப் பார்த்த சாட்சிகளும் இருக்கிறார்கள். பொலிஸில் முறையிடுங்கள். சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். போன் விடயமாகப் பிள்ளையை விசாரிக்க அழைத்தால் தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

போனைத் தேடுவதற்கு மை தேவையில்லை. ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்கம் உண்டு. போன் வந்த பெட்டியில் அது அச்சடித்திருக்கும். அதைப் பொலிஸில் கொடுத்தால் யாராவது அந்தப் போனைப் பாவிக்கும்போது தேட வழி இருக்கிறது. அந்த மனிதர் இதுவரை அதைக் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

அவதூறு இப்போது குற்றவியல் குற்றம் இல்லை, 2002இல் அதை நீக்கிவிட்டார்கள். சிவில் வழக்குப் போடலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் வழக்கு முடிவதற்குள் உங்கள் மகன் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்துவிடுவான். அவனுக்கு இந்த மாதமே நியாயம் வேண்டும். எவர் முன்னால் களவாணி என்றாரோ அவர்கள் முன்னாலேயே "நான் சொன்னது தவறு" என்று அவர் சொல்ல வேண்டும். இணக்கசபையில் அதையே கேளுங்கள், பணம் கேட்காதீர்கள். வகுப்பு டீச்சரிடம் நீங்களே முன்னால் போய் நடந்ததைச் சொல்லி, பிள்ளையை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். வீட்டில் "நீ எடுத்தாயா" என்று இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

கேள்வி: தெரியாத ஒருவர் அரை விலைக்குக் கொடுத்த காஸ் சிலிண்டரை வாங்கினேன். அது தன்னுடையது என்று பின்வீட்டு அண்ணன் இப்போது சொல்கிறார். நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?
- பதுளை வாசகர்

பதில்: காசு கொடுத்தாலும் களவுப் பொருள் உங்களுடையதாகாது. களவுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வாங்கி வைத்திருப்பது தண்டனைச் சட்டக் கோவையின் 394ஆம் பிரிவில் தனிக் குற்றம். துண்டில்லாமல், அரை விலைக்கு, தெரியாத ஆளிடம் வாங்கியது உங்களுக்கு எதிராகப் பேசும். விற்றுவிடாதீர்கள், வேறு வீட்டுக்கும் மாற்றாதீர்கள். அந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு சிலிண்டரோடு பொலிஸுக்குப் போங்கள். அதை விற்றவனின் அடையாளம், வந்த வாகனம், பேசிய போன் இலக்கம் எது நினைவிருந்தாலும் சொல்லுங்கள். அது அண்ணனுடையது என்று உறுதியானால், நீங்கள் கொடுத்த காசை விற்றவனிடம்தான் கேட்க முடியும்.