ஒரு நாள் சிக் லீவுக்கு வேலை போகுமா?

காய்ச்சலில் எழ முடியாமல் நேற்று காலை மேலாளருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிட்டு லீவ் எடுத்திருக்கிறீர்கள். பார்த்தும் அவர் பதில் போடவில்லை, வேலைக்கு ஆபத்தா என்று கேட்கிறீர்கள். தெரிவித்துவிட்டு எடுத்த ஒரு நாளுக்காக வேலையைவிட்டு நீக்குவது அபூர்வம். சிக்கல் பெரும்பாலும் பதிவில்தான் வரும். விண்ணப்பம் சிஸ்டத்தில் ஏறாவிட்டால் 'அனுமதியின்றி வராத நாள்' என்று விழுந்துவிடும்; சம்பளப் பிடித்தமும் மெமோவும் அங்கிருந்துதான் கிளம்பும்.

இன்றைக்கே எச்ஆர் போர்ட்டலில் நேற்றைய தேதிக்கு சிக் லீவ் போடுங்கள். முந்தைய தேதியை ஏற்கவில்லை என்றால் எச்ஆருக்கு மெயில், மேலாளருக்கு சிசி. இவ்வளவு போதும்: "காய்ச்சல் காரணமாக நேற்று வர இயலவில்லை. காலையிலேயே வாட்ஸப்பில் தெரிவித்தேன். சிக் லீவாகப் பதிவு செய்யவும்." நேரம் தெரிகிற மாதிரி அந்த வாட்ஸப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். உடம்புக்கு என்னென்ன செய்தது என்று நீட்ட வேண்டாம், மன்னிப்பும் தேவையில்லை.

டாக்டரைப் பார்த்திருந்தால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பார்க்காமல் பொய்ச் சான்று மட்டும் வாங்காதீர்கள்; வேலையே போவது அதில்தான். புரொபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) இருந்தால் சிக் லீவ் உண்டா, சம்பளமில்லா விடுப்பா என்று ஆஃபர் லெட்டரைப் பாருங்கள்.

மேலாளரின் மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபீஸ் போனதும் நேற்று நின்றுபோன வேலை எது, எப்போது முடியும் என்று நேரில் சொல்லிவிடுங்கள்.