கேள்வி நேரம்: ஆய்வகப் பயிற்சி

கேள்வி: ரத்தம் எடுக்கும் சான்றிதழ் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நரம்பு முதல் குத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆனாலும் என் சாம்பிள்கள் 'ஹீமோலைஸ்' ஆகிவிட்டதாக அடிக்கடி திரும்பி வருகின்றன. ஏன்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நரம்பு கிடைப்பது பாதி வேலைதான். 'ஹீமோலைஸ்' என்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைவது. அவை உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, நோயாளிக்கு இல்லாத உயர்வை ரிப்போர்ட்டில் காட்டும். திருப்பி அனுப்புவது அதனால்தான்.

முதலில் ஸ்பிரிட்டைக் கவனியுங்கள். துடைத்தபின் 30 விநாடி தானாகக் காய வேண்டும்; ஊதக் கூடாது. ஈரத்தோடு குத்தினால் அணுக்கள் உடையும், நோயாளிக்கும் எரியும். அடுத்தது ஊசி. பெரியவர்களின் முழங்கை மடிப்புக்கு 21 அல்லது 22 கேஜ் போதும். வலிக்குமே என்று இரக்கப்பட்டு இன்னும் மெல்லிய 25 கேஜ் எடுத்தால், அந்தக் குறுகிய துளையில் நெருக்கிப் பாய்வதிலேயே அணுக்கள் சிதையலாம். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது சிரிஞ்சில்தான். பிஸ்டனை வேகமாக இழுப்பது ஒன்று. குழாயின் மூடியில் ஊசியைக் குத்தி, ரத்தத்தை அழுத்தித் தள்ளுவது இன்னொன்று. தள்ளவே வேண்டாம்: சிரிஞ்சிலிருந்து குழாய்க்கு ரத்தத்தை மாற்றும் அடாப்டரைப் பொருத்தினால் வெற்றிடக் குழாய் வேண்டிய அளவைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு குழாயைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்: நீல மூடி 3–4 முறை, ஊதா மூடி 8–10 முறை.

கேள்வி: குழாய்களின் வரிசை மாறினால் என்ன ஆகும்? ஊதாக் குழாயில் மிஞ்சியதைச் சிவப்பில் ஊற்றலாமா?
(பயிற்சி மாணவர்)

பதில்: ஊற்றவே கூடாது. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈடிடிஏ பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். சிறிதளவு கலந்தாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். அதை நம்பி மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்து. வரிசை மாறினாலும் இதே கலப்பு நேரலாம். எனவே ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாட்டில், நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். நீலக் குழாயைக் கோடு வரை நிரப்புங்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (நீலக் குழாயில் இருக்கும் உறைவுத் தடுப்பு மருந்து) என்ற கணக்கு தவறினால் உறைவு நேரமும் தவறிவிடும்.

கேள்வி: குழாயில் பெயரை முன்பே எழுதி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் எடுத்தபின், நோயாளியை விட்டு நகர்வதற்கு முன் எழுதுங்கள். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் காது கேளாதவரும் தலையாட்டிவிடுவார், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.