சால்மன் கூண்டில் கோடை நோய்: வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாத் தீவின் தென்கிழக்குக் கடலில் உள்ள ஒரு சால்மன் பண்ணையில் நீரின் தரத்தைப் பதிவு செய்யும் பணியில் சேர்ந்திருக்கிறேன். 2025 கோடையில் இப்பகுதியில் மீன்கள் பெருமளவில் மடிந்ததற்குக் கடல்நீர் சூடானதே காரணம் என்கிறார்கள். வெப்பத்தைக் குறைக்க நம்மால் முடியாது என்னும்போது, எதைக் கண்காணித்து என்ன பயன்?

பதில்: வெப்பம் ஒரு காரணம்தான், ஆனால் அது தனித்து இயங்குவதில்லை. அந்தக் கோடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களின் இறப்போடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது பிஸ்கிரிக்கெட்சியா சால்மோனிஸ் என்ற பாக்டீரியா. 1989இல் சிலி நாட்டின் கோஹோ சால்மன் பண்ணைகளில் பெரும் சேதம் விளைவித்தபோது முதன்முதலாக இனங்காணப்பட்ட இது, கடல்நீரில் சில வாரங்கள் உயிரோடு இருக்கும்; தோல், செவுள் வழியாக மீனுக்குள் புகுந்து, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே பெருகும். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் அதற்கு மிகவும் உகந்தது. அட்லாண்டிக் சால்மனுக்கோ 18 டிகிரியைத் தாண்டினாலே இரை எடுப்பது குறையத் தொடங்குகிறது.

உங்கள் பணிக்கு அவசியம் வருவது ஆக்சிஜன் விஷயத்தில்தான். முழுச் செறிவில் உள்ள கடல்நீர் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது ஏறத்தாழ 7.4 மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். அதே நேரத்தில் மீனின் ஆக்சிஜன் தேவை உயர்கிறது. மேற்பரப்பு சூடானதும் மீன்கள் குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே இறங்கி ஒரு மெல்லிய அடுக்கில் நெருங்கிக்கொள்வதால், பதிவேட்டில் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதப்பட்ட அடர்த்திக்கும் அந்த அடுக்கில் உள்ள உண்மையான அடர்த்திக்கும் தொடர்பே இருக்காது. ஆகவே கூண்டுக்கு வெளியே எடுத்த ஒற்றை அளவை நம்பாதீர்கள். கூண்டின் உள்ளே, மீன்கள் நிற்கும் ஆழத்திலும் அதற்கு மேலும் கீழும், குறிப்பாக விடியற்காலையிலும் நீரோட்டம் அடங்கும் நேரத்திலும் அளவிடுங்கள். கோடையில் ஆக்சிஜன் செறிவு, அதாவது அந்த வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய முழு அளவில் உள்ள பங்கு, 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைய இரையைக் குறைக்குமாறு மேலாளரிடம் சொல்லலாம். வலையில் பாசியும் சிப்பியும் அடர்ந்திருந்தால் நீரோட்டம் தடைபடும் என்பதால், வலையின் நிலையையும் அதே ஏட்டில் குறித்து வையுங்கள்.

அடுத்தது, மீனைக் கையாளும் நாள். உங்கள் பகுதியில் அமீபாவால் வரும் செவுள் நோய்க்காக மீன்களை நன்னீரில் குளிப்பாட்டுவது வழக்கம். அதற்காக மீன்களை நெருக்கி, குழாய் வழியே இறைத்து மாற்றும்போது அவற்றின் தோல் சிராய்கிறது, எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. குளிப்பாட்டாமல் விட்டால் செவுள் நோயே மீனைக் கொன்றுவிடும் என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. செவுளின் நிலையை ஒழுங்காக மதிப்பிட்டு, கடும் வெப்ப நாட்கள் வருவதற்கு முன்பே அந்த வேலையை முடிக்கத் திட்டமிடுவதே நல்லது. என் பார்வையில், ஒரு பண்ணையின் கைக்குள் இருக்கும் காரணிகளில் இதுவே முதன்மையானது.

இறந்த மீன்களை அன்றன்றே அகற்றாவிட்டால் அவை நீருக்குள் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நீரோட்டத்தில் கிருமி பயணிப்பதால் பக்கத்துப் பண்ணையின் நிலவரமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிலியில் அருகருகே உள்ள பண்ணைகளை ஒரே வட்டாரமாகச் சேர்த்து, ஒரே காலத்தில் மூன்று மாதங்கள் காலியாக விடும் முறை இருப்பது இதனால்தான். 2007இல் தொடங்கிய ஒரு வைரஸ் நோய் நெருக்கடிக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

ஆன்டிபயாடிக் கலந்த இரையைப் பெரிதாக நம்ப வேண்டாம். நோயுற்ற மீன் இரை எடுப்பதில்லை. மருந்து பெரும்பாலும் நலமாக உள்ள மீன்களுக்கே போய்ச் சேர்கிறது, கிருமியோ உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. நார்வே 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்திய நாடு. நல்ல தடுப்பூசிகள் வந்தபின் அந்த அளவு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது. ஆனால் அங்கே அடக்கப்பட்டவை வேறு பாக்டீரியாக்கள். பிஸ்கிரிக்கெட்சியாவுக்குத் தடுப்பூசிகள் இருந்தும் அவை தரும் பாதுகாப்பு நீடிப்பதில்லை என்பதால், சிலி இன்றும் ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்துகிறது.

புண்ணோடு ஒரு மீனைக் கண்டதும் இதே நோய் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நார்வேயில் மொரிடெல்லா விஸ்கோசா உண்டாக்கும் புண்நோய் குளிர்ந்த நீரில்தான் தலைதூக்குகிறது. உடல் கறுத்து, வலையோரம் மந்தமாக நீந்தும் மீன்கள், வெளிறிய செவுள், வீங்கிய சிறுநீரகமும் மண்ணீரலும், கல்லீரலில் வெளிறிய வட்டப் புள்ளிகள் ஆகியவை பிஸ்கிரிக்கெட்சியாவைச் சந்தேகிக்கச் சொல்லும் குறிகள். உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. மாதிரிக்கு, அடியில் கிடந்து அழுகிய மீனை அனுப்பாமல், சாகும் தறுவாயில் உள்ள மீனைப் பண்ணையின் மீன் மருத்துவர் வழியாக அனுப்புங்கள். அந்த மீன் எடுக்கப்பட்ட கூண்டு, ஆழம், அன்றைய வெப்பம், ஆக்சிஜன், கடைசியாகக் குளிப்பாட்டிய தேதி ஆகிய அனைத்தும் மாதிரியோடு சேர்ந்தே போகட்டும்.