லொறியில் ஏறும் குதிரைகள்: ஒரு மிருக வைத்தியரின் பதில்கள்

வெளிநாடுகளில் குதிரைகளை இறைச்சிக்காக நெடுந்தூரம் லொறியில் கொண்டுசெல்வது பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியை: டொக்டர், கனடாவில் இருக்கும் என் மகள் நெடுஞ்சாலையில் குதிரைகள் நிறைந்த லொறியைக் கண்டாளாம். இறைச்சிக்குப் போகின்றன என்று யாரோ சொன்னார்களாம். உண்மையாக இருக்குமா?

உண்மையாக இருக்கலாம், ரீச்சர். கனடாவில் குதிரை இறைச்சிக்கூடங்கள் சட்டப்படி இயங்குகின்றன. அவற்றுக்கு அமெரிக்காவிலிருந்தும் குதிரைகள் வருகின்றன. அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதன்பின் அங்கே இறைச்சிக்கு விற்கப்படும் குதிரைகள் வடக்கே கனடாவுக்கோ தெற்கே மெக்சிகோவுக்கோ போகின்றன. 2010இல் மட்டும் ஏறக்குறைய 138,000 குதிரைகள் இப்படி எல்லை தாண்டின.

கொட்டாஞ்சேனை, லொறிச் சாரதி: ஐயா, நானும் பாரம் ஏற்றி ஓடுகிறவன். அங்கே ஒரு குதிரையை எவ்வளவு நேரம் இறக்காமல் ஓட்டலாம்?

அமெரிக்க விதிப்படி, தீனும் தண்ணீரும் இல்லாமல் 28 மணித்தியாலம் வரை. அதன்பின் இறக்கி, தீனும் தண்ணீரும் கொடுத்து, குறைந்தது 6 மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும். கனடாவில் முன்பு 36 ஆக இருந்தது, 2020 முதல் 28. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24. ஆனால் அங்கே 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டியாக வேண்டும்.

தம்பி, நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓடியிருப்பீர்கள். போய், திரும்பி, மறுபடியும் போனாலும் 28 மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவீர்கள். இடையில் தேநீர் குடிப்பீர்கள், கால் நீட்டுவீர்கள். குதிரையோ அவ்வளவு நேரமும் நின்றபடியே, ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் கால்களை மாற்றி ஊன்றி, விழாமல் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. நெரிசலில் விழுந்த குதிரையால் எழ முடியாது, மற்றவை அதன்மேல் மிதிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் கோடை வெயிலில் நடந்த ஆய்வொன்று, தண்ணீரில்லாமல் 24 மணித்தியாலத்தைத் தாண்டினால் நல்ல ஆரோக்கியமான குதிரைக்கே உடல்நீர் கடுமையாக வற்றிவிடும் என்றும், இடையிடையே தண்ணீர் கொடுத்தாலும் 28க்கு மேல் களைப்பே கெடுதலாகும் என்றும் கண்டது. அப்படியானால் சட்டம் அனுமதிப்பது ஆரோக்கியமான குதிரையே தாங்கும் கடைசி எல்லையை. இறைச்சிக்குப் போகும் குதிரைகளில் பல கிழடு, நொண்டி, மெலிந்தவை. இந்த எண்ணை என்னால் ஏற்க முடியாது.

தெஹிவளை, உயர்தர உயிரியல் மாணவி: நீண்ட பயணம் செய்த குதிரைக்கு நுரையீரல் நோய் வருவது ஏன், சேர்?

மிக நல்ல கேள்வி, மகள். குதிரை நாளில் பெரும்பகுதியைத் தலை குனிந்து மேய்ந்தபடி கழிக்கும். அப்போது மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமிகளும் வழிந்து மூக்கு வழியே வெளியேறுகின்றன. தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் அந்த வடிகால் அடைபடுகிறது. அரை நாளுக்குள்ளேயே மூச்சுக்குழாயில் பாக்டீரியா பெருகத் தொடங்கிவிடும். வைக்கோல் தூசியும் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் அதற்குத் துணை செய்கின்றன. பயணம் முடிந்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், பின்னர் நுரையீரலிலும் அதைச் சுற்றிய உறையிலும் அழற்சி. சில குதிரைகள் இதில் இறந்தும் போகின்றன.

இறைச்சிக் குதிரைகளைப் பெரும்பாலும் கட்டாமல் கூட்டமாகவே ஏற்றுகிறார்கள். தலை தாழ்த்த வாய்ப்பு உண்டு என்று நினைப்போம். நெருக்கி அடைத்த இடத்தில் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. முன்பின் அறியாத குதிரைகள் ஒன்றையொன்று கடிக்கும், உதைக்கும். பலவீனமானது ஒதுங்க இடமிருக்காது. அமெரிக்க விதி விதையடிக்காத ஆண் குதிரைகளையும் முரட்டுக் குதிரைகளையும் பிரித்து ஏற்றச் சொல்வது இதனால்தான்.

தெமட்டகொட, இறைச்சி வியாபாரி: டொக்டர், கோபிக்க வேண்டாம். அறுக்கப்போகிற மிருகம்தானே, வழியில் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன?

கோபமில்லை நானா, பலர் மனத்தில் இருப்பதைத்தான் கேட்டீர்கள். அறுக்கும் பிராணியை வதைக்கக் கூடாது, அதன் கண்முன்னே கத்தியைத் தீட்டக் கூடாது என்று உங்கள் மார்க்கமே சொல்கிறது. சாவு சில விநாடிகளில் முடிந்துவிடும். லொறிப் பயணம் ஒரு பகலும் ஓர் இரவும் நீளலாம். அந்த நேரம் முழுவதும் அது உயிருள்ள மிருகம், வலியையும் தாகத்தையும் முழுமையாக உணர்கிறது. தொழில் முறையிலும் பாருங்கள்: கன்றிப்போன சதையை வெட்டி எறிய வேண்டும். களைத்துப்போன மிருகத்தின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுவதால் இறைச்சி கருத்து, சீக்கிரம் கெடும். இது மாட்டுக்கும் பொருந்தும்.

மருதானை: இரண்டு தட்டு லொறிகளில் ஏற்றுவார்களாமே?

ஏற்றினார்கள். மாட்டுக்கும் பன்றிக்கும் செய்த வண்டிகள் அவை. கூரை தாழ்வு, ஏறுபலகை செங்குத்து. குதிரை நிமிர்ந்து நிற்க முடியாமல் தலையிலும் முதுகிலும் அடிபடும். 2006 டிசம்பரோடு அமெரிக்கா இதைத் தடைசெய்தது. ஆனால் அந்த விதி நேரே இறைச்சிக்கூடத்துக்குப் போகும் பயணத்துக்கே பொருந்தியது. ஆகவே இடையில் உள்ள ஒரு மிருகப் பட்டிக்குப் போகிறோம் என்று சொல்லிப் பழையபடி ஏற்ற முடிந்தது. 2011இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

பம்பலப்பிட்டி, சட்ட மாணவன்: இறைச்சிக்கூடங்களை மூடிவிட்டால் பிரச்சினை தீருமல்லவா?

அதை மட்டும் செய்தால் தீராது. அமெரிக்காவில் மூடியதும் குதிரைகளின் பயணம் நீண்டுபோனது என்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 2011இல் அறிக்கை எழுதியது. பிரித்தானியா வேறு வழியில் போனது. பெல்ஜியத்துக்குக் கப்பலேறிய கிழட்டுக் குதிரைகளைப் பார்த்து மனம் பொறுக்காத ஏடா கோல் என்ற பெண்மணி 1927இல் தொடங்கிய இயக்கம் இன்றும் இயங்குகிறது. இறைச்சிக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதை அந்நாடு 2024இல் சட்டத்தால் நிறுத்தியது. பயணத்தையே தடுப்பதுதான் சரியான இடத்தில் கைவைப்பது.

அதுவரை, ஏற்றும் இடத்தில் ஒரு மிருக வைத்தியர் நிற்க வேண்டும் என்பேன். நான்கு கால்களிலும் பாரம் தாங்குகிறதா? துணையின்றி நடக்கிறதா? இரண்டு கண்ணும் குருடா? ஈனும் தறுவாயில் இருக்கிறதா? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியா? அமெரிக்க விதியிலேயே இந்தச் சோதனைகள் உண்டு. ஆனால் குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்ற சான்றிதழில் கையெழுத்திடுபவர் குதிரையின் சொந்தக்காரரோ ஏற்றுபவரோதான். அவருக்குக் குதிரை போய்ச் சேர்ந்தால்தான் காசு.

மட்டக்குளி: நம் நாட்டில் குதிரை இறைச்சி இல்லையே, நமக்கு இதில் என்ன, ஐயா? ஏப்ரலில் தன் குதிரை ஒன்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோக நண்பர் ஒருவர் என்னிடம் உதவி கேட்கிறார்.

நம் வீதிகளில் மாட்டு லொறிகள் ஓடுகின்றனவே. அவற்றுக்கும் உரிய 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் எழுதிய அபராதம் 100 ரூபா. இதை மாற்றச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

நண்பரின் குதிரைக்கு: விடியுமுன் புறப்படுங்கள், கொழும்பு வெயிலில் நின்றுவிடாதீர்கள். நிற்கும் வண்டிக்குள் காற்று ஓடாது, சூடு சீக்கிரம் ஏறும். கயிற்றைத் தலை குனியும் அளவு தளர்த்திக் கட்டுங்கள். தரையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். வழியில் தண்ணீர் காட்டுங்கள். பழகாத தண்ணீரைச் சில குதிரைகள் குடிக்காது, அதனால் வீட்டுத் தண்ணீரையே கலனில் எடுத்துச் செல்லுங்கள். கினிகத்தேனைக்கு மேல் வளைவுகளில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்தபின் மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 38.5 பாகை செல்சியஸைத் தாண்டினால் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.