பாம்பு மதிலும் குதிரை லாயமும்

கேள்வி: பழைய இங்கிலாந்து மாளிகை ஒன்றின் படம் பார்த்தேன். குதிரை லாயத்தை ஒட்டியே காய்கறித் தோட்டம்; அதன் செங்கல் மதில் பாம்பு போல் நெளிந்து போகிறது. அழகுக்காகவா? எங்கள் தோப்பின் பழைய பவளக்கல் மதில் உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: அழகு அப்புறம்தான் அம்மா, முதலில் சிக்கனம். ஒற்றைச் செங்கல் கனத்தில் நேராகக் கட்டினால் இடையிடையே முட்டுத்தூண் வேண்டும். வளைத்துக் கட்டினால் வளைவே முட்டாக நிற்கும். நீளம் கூடினாலும் கனம் குறைவதால் செங்கல் மிச்சம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இப்படிப்பட்ட மதில்கள் நிறைய. 1784 முதல் 1850 வரை அந்த நாட்டில் செங்கல்லுக்கே வரி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த மதில்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகத்தான் ஓடும். தெற்கு முகம் பகல் வெயிலை வாங்கி இரவில் விடும். அந்தச் சூட்டில் பீச் பழங்கள் கனியும். அதுவும் போதாத இடங்களில் சுவருக்குள் புகைப்பாதை விட்டு அடுப்பு மூட்டினார்கள். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

லாயம் பக்கத்தில் இருப்பதும் சூட்டுக்காகத்தான். புதுக் குதிரைச் சாணத்தை வைக்கோலோடு குவித்தால் உள்ளே கொதிக்கும். மேலே மண் பரப்பி, கண்ணாடிச் சட்டம் மூடி, குளிர் விடுமுன்பே வெள்ளரி வளர்த்தார்கள். சாட்ஸ்வொர்த் என்ற இங்கிலாந்து மாளிகையில் 1760களில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பெயின் கட்டிய லாயத்தில் 80 குதிரைகளுக்கு இடம். எருவுக்குக் குறையே இருந்திருக்காது.

சரி, உங்கள் மதில். சிமென்ட் வேண்டவே வேண்டாம். உப்பு ஈரம் கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சந்து வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். அதை சிமென்டால் அடைத்தால் ஈரம் கல் வழியே வரும். காயும்போது உப்பு பூத்துக் கல்லையே உடைக்கும். பாம்பனில் ஒரு பழைய வீட்டில் பார்த்தேன்: சிமென்ட் சந்து மட்டும் துருத்தி நிற்க, நடுவில் கல் குழிந்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது.

பழைய சந்தைக் கையுளியால் மெல்லச் சுரண்டி, நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து அடையுங்கள். சில நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். விழுந்த கற்களை எறியாதீர்கள், திருப்பி வையுங்கள்; புதிதாகப் பவளக்கல் எடுப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். மணலைக் கடற்கரையிலிருந்து அள்ளவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும். கலவைக்கு எடுக்கும் தண்ணீரையும், சுண்ணாம்பில் சேர்க்குமுன், நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேறு கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.